ஒரு கைத் தவிடு

"அம்மா, இந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

மலையடிவாரத்து மடத்தில் சீடர் குருவிடம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

சீடருக்கு ஐம்பது வயது. குரு சித்தம்மா அவரைவிட மிகவும் இளையவள். ஞானம் வயது பார்த்து வருவதில்லை. வந்திருந்தால் அவர்தான் குருவாக இருந்திருப்பார்.

அவர் பெயர் தவிட்டான்.

அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததும் பெற்றவள் அவரை முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கைத் தவிட்டுக்கு விற்றாள். மாட்டுக்குப் போடும் தவிட்டுக்கு விலைபோன பிள்ளையை எமன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. வாங்கியவள், "இது என் பிள்ளை, எனக்கு வளர்த்துக் குடு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

எமன் ஏமாந்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

"இப்பல்லாம் இந்தப் பேரை ஒருத்தரும் வைக்கிறதில்லை. ஜவுளிக்கடை போர்டுல எங்கப்பா பேரைப் போட்டேன். பொண்ணு கல்யாணப் பத்திரிகையில வெறும் 'சாமி'ன்னு அடிச்சேன். தீட்சை குடுக்கும்போதாவது ஒரு நல்ல பேரு வைங்க."

நல்ல பெயரை அவரே தயாராக வைத்திருந்தார். சொர்ணானந்தர்.

சித்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. பௌர்ணமியன்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அதுவரை தவிட்டானுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிணற்றடியில் தனியாக நின்று, சொர்ணானந்தர் என்று தன்னையே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

பௌர்ணமி காலையில் குளித்து, திருநீறு பூசி, சித்தம்மாவின் முன் உட்கார்ந்தார்.

அவள் வாயைத் திறக்கும் முன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் முறம். முறத்தில் பச்சைப் பிள்ளை.

பேராச்சி என்று பெயர் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். பெற்ற பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்தவள். தவிட்டுக்கு விலைபோய்ப் பிழைத்த ஆள் ஒருவர், அந்தப் பெயரோடு இருப்பவர், இந்தப் பிள்ளையை வாங்கினால்தான் பலிக்கும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஊர் ஊராக விசாரித்திருக்கிறாள். சிலர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சப் பேர் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாங்க" என்றாள்.

சித்தம்மா எழுந்து தொழுவத்துக்குப் போனாள். ஒரு கைத் தவிடு அள்ளி வந்து, தீட்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தவிட்டான் தட்டைப் பார்த்தார். தவிட்டைப் பார்த்தார்.

முறத்தில் பிள்ளை கொட்டாவி விட்டது.

அவ்வளவுதான். தவிட்டை அள்ளிப் பேராச்சியின் மடியில் போட்டார். பிள்ளையைத் தூக்கினார். அது அவருடைய புதுக் காவி வேட்டியை நனைத்தது.

"ஏலே, தவிட்டான்" என்று அதன் காதில் கூப்பிட்டார். பிறகு பெற்றவளிடம் நீட்டினார். "இவன் என் பிள்ளை. எனக்கு வளர்த்துக் குடு, தாயி."

அவள் அழுதுகொண்டே மலை ஏறிப் போனாள்.

சித்தம்மா தட்டைக் கையில் எடுத்தாள். "சரி, என்ன பேரு வைக்கணும்?"

"இருக்கிறதே இருக்கட்டும்மா. நான் மாத்திக்கிட்டா பிள்ளைக்கு ஆகாது."

வருஷங்கள் போயின. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தவிட்டான் எழுந்து நிற்பார். பிள்ளை இருக்கிறானா என்ற கேள்வி வாய்வரை வரும். என்ன பதில் வருமோ என்று பயந்து அடுப்படிக்குள் போய்விடுவார். சித்தம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் மீசை அரும்பிய ஒருவன் மடத்துக்கு வந்து சித்தம்மா காலில் விழுந்தான். அவனுக்கும் குறை பெயரில்தான்.

"எனக்கு வேற பேரு குடுங்கம்மா. முன்னால இது எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. நான் பிழைச்சதைப் பாத்துட்டு ஊர்ல எல்லாரும் அவங்கவங்க பிள்ளைக்கும் வச்சுட்டாங்க. எல்லாவனும் கல்லுக்குண்டாட்டம் இருக்கான். இப்போ தெருவுக்கு நாலு தவிட்டான். எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டா ஊரே ஓடி வருது."

அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. தவிட்டான் கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார்.

"உங்கம்மா பேரு என்னலே?"

"பேராச்சி."

அவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தோளைத் தொட்டார். மாவுக் கையோடு முகத்தைத் தடவினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, வாய் மட்டும் சிரித்தது.

அவன் மிரண்டுபோய் சித்தம்மாவிடம் திரும்பினான். "இவர் யாரும்மா?"

சித்தம்மாவால் சிரிப்பில் பேச முடியவில்லை. அவரையே கேள் என்று கை காட்டினாள்.

"வளர்த்துக் குடுன்னு சொன்னேன்" என்றார் தவிட்டான். "வளர்த்துட்டா."