மறதியாற்றுக்கு ஒரு சலுகை

கனகவல்லியிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான். தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தலை நரைத்தவர், ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் எழுதுவது மாயக்கதை. பொன்னிலவு என்ற பெண், காணாமல் போன தம்பியைத் தேடிப் போகிற கதை. இரண்டு பாகம் வெளிவந்து நன்றாக ஓடியது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"முதல் பாகத்துல மறதியாறுன்னு ஒண்ணு வெச்சேனுங்க டீச்சர்."

"ஞாபகம் இருக்கு. அதைக் கடக்கிறவங்க, யாரைத் தேடிப் போறாங்களோ அவங்களையே மறந்துடுவாங்க."

"அதேதானுங்க. அத்தியாயத்தை முடிக்க நல்லா இருக்குமேன்னு போட்ட வரி. இப்பத் தம்பி அக்கரையில இருக்கான். பொன்னிலவு போகாம இருக்க முடியாது. போனா அவனை அடையாளமே தெரியாது."

"நல்ல இடத்துலதான் வந்து நிக்கறீங்க."

"எனக்குச் சோறு இறங்கலைங்க. அந்தப் புள்ளைய ரெண்டு பாகமா நடக்க வெச்சிருக்கேன். கடைசியில அவளை இப்படி விட மனசு வரலை."

பெற்ற மகளுக்குக்கூட அவர் அவ்வளவு கலங்கியிருப்பாரா தெரியாது.

"அதனால ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேனுங்க. ஒரு வேர். நாக்குக்கு அடியில அடக்கிக்கிட்டா ஆறு ஒண்ணும் பண்ணாது. ஒரு கிழவி கொண்டுவந்து குடுக்கறாங்க."

மருந்துக்கடைக்காரர் அல்லவா, ஆற்றுக்கும் மருந்து வைத்திருந்தார்.

"இந்தக் கிழவி ரெண்டு பாகமா எங்க இருந்தாங்க?"

"இப்பத்தான் வர்றாங்க."

கனகவல்லி சிரித்துவிட்டார். நாச்சிமுத்துவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே எழுதிடுவேனுங்க."

கனகவல்லி உள்ளே போய்த் தாயக்கட்டைகளையும் சாக்பீஸையும் எடுத்துவந்தார். தரையில் கட்டம் போட்டார்.

"ஒரு ஆட்டம் போடலாம், வாங்க."

தாயம் என்றதும் கனகவல்லியின் கணவர் சென்னியப்பன் பேப்பரை மடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட மாட்டார். ஆனால் ஆடுகிறவர்களைவிட அதிகம் கத்துவார்.

கனகவல்லிக்குச் சீக்கிரமே தாயம் விழுந்தது. காய்கள் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தன. நாச்சிமுத்துவுக்கு இரண்டு விழுந்தது, மூன்று விழுந்தது, பன்னிரண்டுகூட விழுந்தது. தாயம் மட்டும் விழவில்லை. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது.

"நல்லா தேய்ச்சு உருட்டுங்க!" என்றார் சென்னியப்பன். "இப்ப விழும் பாருங்க. அட, போச்சு!"

நாச்சிமுத்துவுக்கு வேர்த்தது.

"பரவாயில்லைங்க. காயை இறக்கிக்கங்க," என்றார் கனகவல்லி.

"தாயம் விழலீங்களே."

"நாமதானே ஆடறோம். இறக்குங்க."

நாச்சிமுத்து கூச்சத்தோடு இறக்கினார். சென்னியப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கனகவல்லியின் காய் வந்து அந்தக் காயை வெட்டியது. வெட்டுப்பட்ட காய் வெளியே போய் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். நாச்சிமுத்து அதை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும், அங்கேயே விடுங்க. பாவம், இப்பத்தான் வந்துச்சு."

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவுக்கு எந்தத் தடையும் இல்லை. காய்கள் வரிசையாக நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமாகின.

"ஜெயிச்சுட்டீங்க," என்றார் கனகவல்லி.

"என்னத்தை ஜெயிச்சேனுங்க."

"ஏன், எல்லாக் காயும் போய்ச் சேர்ந்திருச்சே?"

நாச்சிமுத்து, பக்கத்தில் யாராவது தன் பக்கம் பேச மாட்டார்களா என்று திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது.

"அவர் எங்கீங்க?"

"உங்க காயை வெட்டியும் எடுக்காம விட்டோமே, அப்பவே எந்திரிச்சுப் போயிட்டார்."

வாசலில் ஸ்கூட்டர் கழுவுகிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காய்களை எல்லாம் அள்ளி வெளியே வைத்தார்.

"இன்னொரு ஆட்டம் போடலாமுங்க. இந்தத் தடவை எனக்கு ஒரு சலுகையும் வேண்டாம்."

மறுபடியும் அதே கதைதான். மூன்று, இரண்டு, ஐந்து. கனகவல்லியின் காய்கள் பாதித் தூரம் போய்விட்டன. நாச்சிமுத்துவின் காய் ஒன்றுகூட இறங்கவில்லை. ஆனால் இப்போது அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தூக்கக் கலக்கம் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டைகள் தரையில் உருண்டு நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

"தேய்ச்சு உருட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கதவருகே சென்னியப்பன். முழங்கை வரை சோப்பு நுரை.

நாச்சிமுத்து கட்டைகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தார்.

"டீச்சர், வேரும் வேண்டாம், கிழவியும் வேண்டாமுங்க. அவ ஆத்துல இறங்கட்டும். ஆனா அக்கரையில ஏறித் தம்பியைப் பாத்து, நீ யாருன்னு கேட்டுட்டா?"

கனகவல்லி கதவுப்பக்கம் பார்த்தார்.

"என்ன விழும்னு தெரியாததாலதானே மனுசன் வண்டியை நுரையோட விட்டுட்டு வந்து நிக்கறார். உருட்டுங்க."