பத்துக்கு நாலு

ஞானதுரை சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவார், எழுவார், வராந்தாவை எட்டிப் பார்ப்பார். கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்று, மனநல ஆலோசனை படிக்க வந்த மனிதர். கற்றுத்தரும் டாக்டர் ரெஜினாவுக்கு அவர் மகள் வயது. அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. இன்றைக்குக் கோபம்தான்.

"இது எந்த ஊர் கணக்கு மேடம்? போன வாரம் பத்து சொன்னா, வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டீங்க. இன்னைக்கு நாலு சொல்றா, அனுப்புங்கங்கீங்க!"

பேச்சு தங்கபுஷ்பத்தைப் பற்றி. மனச்சோர்வு முற்றி, உயிரை விடத் துணிந்து, எப்படியோ பிழைத்து அந்த மனநல மருத்துவமனையில் சேர்ந்தவள். மனசு மறுபடி அப்படி ஆனால் சமாளித்துவிடுவோம் என்ற தைரியம் பத்துக்கு எவ்வளவு என்று வாராவாரம் கேட்பது சாரின் வேலை.

"நீங்க எப்படிக் கேட்டீங்க சார்?"

"எப்படிக் கேப்பாங்க? போன தடவ ரெண்டுதான், இந்தத் தடவ நல்லா சொல்லணும், என்னன்னு கேட்டேன். பத்துன்னா. சபாஷ்னேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நானாயிருந்தால் அடித்துக்கொண்டிருப்பேன்.

"வாங்க, அவங்ககிட்டயே கேப்போம்."

தங்கபுஷ்பம் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். கூட்டிப்போக வந்த அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"போன வாரம் ஏன் பத்துன்னு சொன்னீங்க?"

அவள் சாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "சார் அவ்வளவு ஆசையாக் கேட்டாங்க. கொறச்சுச் சொன்னா மொகம் வாடிரும்லா. பாவம்."

சார் வராந்தா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்கு நாலு?"

"பகல் பொழுது ஓடிரும் டாக்டர். விடியக்காலம்தான் பயமா இருக்கு. முழிப்புத் தட்டுனா அந்த நெனப்பு வந்துருது. தனியா என்னால முடியாது."

"அப்போ என்ன செய்வீங்க?"

"அக்காவ எழுப்பிருவேன். பக்கத்துலதான படுப்பா. ஏசத்தான் செய்வா. ஆனா எந்திச்சிருவா."

டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அக்கா வந்ததும், மருந்தை அக்காவின் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வர வேண்டும் என்றார்.

ஆட்டோ கிளம்பிப் போனது. சார் வாசலிலேயே நின்றார். கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைக்காமலே மடித்து வைத்தார்.

"எனக்குப் பதறுது மேடம். நாலு போதுமா?"

"எனக்கும்தான் பதறுது."

"பிறகு எதை நம்பி அனுப்பினீங்க?"

"பத்துன்னு சொன்ன அன்னைக்கு அனுப்பியிருந்தா, அவங்க யாரையும் எழுப்பியிருக்க மாட்டாங்க, சார்."