மூக்குத்தி அவரையும் ஆறு பூனைகளும்

“அந்தச் சந்துல இருக்குற பூனையெல்லாம் டிராயிங் வாத்தியார் வீட்டுக்குத்தான் வேலைக்குப் போகுது. காலையில போனா சாயங்காலந்தான் திரும்புது.”

“சம்பளம் குடுக்குறாரா?”

“விரட்டுறாருல்ல, அதுதான் சம்பளம்.”

பால் கடை வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது. பின்னால் தூக்குவாளியோடு நிற்பவர்தான் அந்த டிராயிங் வாத்தியார் என்று அவர்களுக்குத் தெரியாது. வேதகிரி செருப்பைப் பார்த்தபடி நின்றார். கோபப்படவும் முடியவில்லை. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

விடியலில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனவர், வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தார். வேலையாட்கள் வந்திருந்தார்கள். மொத்தம் ஆறு. கரித்துண்டு நிறத்தில் ஒன்று, துவைத்துத் துவைத்து வெளுத்த காவியில் ஒன்று, பாதி வரைந்து மறந்துவிட்டாற்போல் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு உள்ள ஒன்று. மற்ற மூன்றும் சாம்பல். பாத்தியை நன்றாகத் தோண்டிப் போட்டுவிட்டு அதன் நடுவிலேயே படுத்திருந்தன.

அது அவர் மனைவி கனகவல்லியின் பாத்தி. வருடாவருடம் ஆடியில் அதில் மூக்குத்தி அவரை போடுவாள். முசிறி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒரு பெண், பேச்சுவாக்கில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த விதை அது. பத்தொன்பது வருடம் காய்த்தது. ஒவ்வொரு வருடமும் நாலைந்து காய்களைக் கொடியிலேயே முற்றவிட்டு, விதை எடுத்து டப்பாவில் போட்டு வைப்பாள்.

போன ஐப்பசியில் கனகவல்லி இறந்துபோனாள். டப்பாவைத் திறந்து பார்த்தபோது பன்னிரண்டு விதைகள் இருந்தன.

முதலில் நான்கு ஊன்றினார். மூன்றாம் நாள் பூனைகள் தோண்டிவிட்டன. மறுபடி நான்கு. அதுவும் போயிற்று. மிச்சம் நான்கு. கடையில் கேட்டால் மூக்குத்தி அவரை விதை கிடைக்கும்தான். ஆனால் அது கடைக்காரர் விதை.

வேதகிரி சும்மா இருக்கவில்லை. ஜூஸ் கடையில் கெஞ்சி ஆரஞ்சுத் தோல் வாங்கி வந்து பாத்தியைச் சுற்றிப் பரப்பினார். காப்பிச் சக்கையைத் தூவினார். தென்னை ஈர்க்குகளை ஒடித்து ஒரு சாண் இடைவெளியில் குத்தி வைத்தார். பாட்டிலில் கலர்த் தண்ணீர் நிரப்பி வைத்தால் கிட்டே வராது என்று யாரோ சொன்னார்கள். ஊரெல்லாம் ஒரே நீலத்தில் வைப்பார்கள். அவர் முப்பத்து மூன்று வருடம் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா, ஊதாவும் கிளிப்பச்சையும் கலந்து வரிசை வரிசையாக வைத்தார். பூனைகள் அந்தப் பாட்டில்களின் நிழலில் தூங்கின.

சாக்கில் பிடித்துக்கொண்டு போய் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடலாம் என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். வேதகிரி வேண்டாம் என்றார். ஒருநாள் கல்லைக் கையில் எடுத்தார். பாதி கறுப்பு முகம் அவரையே பார்த்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தவமணி அம்மையிடம் போனார்.

காவிரிப் படித்துறைக்கு மேலே ஓர் ஓட்டு வீடு. அம்மை பதினைந்து வருடம் செவிலியராக இருந்துவிட்டு, ஒருநாள் வேலையை விட்டு அங்கே வந்து உட்கார்ந்தவர். வயது நாற்பத்தொன்று. வேதகிரிக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் சாயங்காலமானால் பத்துப் பதினைந்து பேர் அவர் முன்னால் போய் உட்காருவார்கள். பெரும்பாலும் அம்மை பேசமாட்டார். கேட்டால் சொல்வார். சில சமயம் கேட்டாலும் சொல்லமாட்டார்.

மனம் அடங்குவது பற்றி ஒருவர் கேட்டு முடித்ததும் வேதகிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உயிருக்கு நோவில்லாம பூனைங்களைக் கொல்லைக்கு வெளியே நிறுத்த ஏதாவது வழி இருக்காம்மா?”

நாலு பேர் சிரித்தார்கள். வாத்தியார் அவற்றை வரிசையில் நிற்க வைத்து வருகைப் பதிவு எடுக்கலாமே, வகுப்புக்குப் பயந்து தானாக ஓடிவிடும் என்றார் ஒருவர். அம்மை சிரிக்கவில்லை.

“எப்ப வருதுங்க?”

“காலையில. நான் தண்ணி ஊத்தி முடிக்கிறப்போ.”

“ஊத்தாத நாள்ல?”

“ஊத்தாத நாளே இல்லம்மா.”

கனகவல்லி இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூனைகள் வரும் என்றார் வேதகிரி. அவள் போன பிறகு எட்டு மாதம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது விதை ஊன்றத் தொடங்கியதும் ஆறும் சேர்ந்து வருகின்றன. வேண்டுமென்றே செய்வதுபோல் இருக்கிறது. இன்னும் நாலே விதைதான் மிச்சம் என்று நான்கு விரலை விரித்துக் காட்டினார்.

“நாளைக்குக் காலையில நான் வர்றேன், ஐயா,” என்றார் அம்மை.

சொன்னபடியே வந்தார். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். ஈரத்துணியில் ஊறிய நான்கு விதைகளை வேதகிரி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, நீங்களே உங்கள் கையால் ஊன்றிக் கொடுங்கள் என்று கேட்டார். அம்மை வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்றார்.

வேதகிரி மண்ணைக் கொத்திக் கட்டிகளை விரலால் உதிர்த்தார். பழைய ஆரஞ்சுத் தோல்களைப் பொறுக்கிவிட்டுப் புதிதாகப் பரப்பினார். ஈர்க்குகளை நேராக்கினார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய தேன் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கால் பாட்டில் அளவுக்குப் பழுப்பாக ஏதோ இருந்தது.

மூடியைத் திறந்தார். திறந்த பாட்டிலை மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு மூடி அளந்து வாளியில் ஊற்றிக் கலக்கினார்.

தண்ணீர் பாத்தியில் விழும்போதே மதில்மேல் காவி நிறம் தெரிந்தது. அடுத்துக் கரித்துண்டு.

“அது என்னங்கய்யா?”

“மீன் அமிலம்மா. உரம்.”

கேட்டது அவ்வளவுதான். அவர் பாட்டிலை மூடாமலே சொல்லிக்கொண்டு போனார். ரேடியோவில் வேளாண்மை நிகழ்ச்சி கேட்டுக் கனகவல்லி கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கெண்டை வாங்கினால் தலையையும் குடலையும் எறிய விடமாட்டாள். பூனைகளுக்கு ஒரு பங்கு, பானைக்கு ஒரு பங்கு. பானையில் எடைக்கு எடை வெல்லத்தைத் தட்டிப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வேப்பமரத்தடியில் வைத்துவிடுவாள். முதல் வாரம் கொல்லைப் பக்கம் போக முடியாது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார். “பொறுங்க, நாப்பது நாள் கழிச்சுத் தேன் மாதிரி ஆயிடும்,” என்பாள். ஆகியும்விடும். வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதச் சொல்லிக் கொடுப்பாள். அவர் தேதிக்குப் பக்கத்தில் ஒரு மீன் வரைவார். போன வருடம் மீனுக்குக் கண்ணாடி மாட்டி வரைந்தார். உங்களை மாதிரியே இருக்கிறது என்று அவள் நாள் முழுக்கச் சிரித்தாள்.

இது கடைசிப் பாட்டில். புரட்டாசியில் வடித்தது. ஐப்பசியில் அவள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மச்சினர்தான் உட்கார்ந்து பேசினார். வேதகிரி கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு வீட்டில் மீன் வாங்குவதில்லை.

“வாசனை தூக்கலா இருக்கே,” என்றார் அம்மை.

“வாசனையா?”

வேதகிரி பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையேம்மா. எங்க கொல்லை வாசம்தான்.”

அம்மை மதிலைப் பார்த்தார். இப்போது அங்கே ஐந்து நின்றன. ஆறாவது ஏறிக்கொண்டிருந்தது.

வேதகிரியும் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். வரைவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறார்.

“பாத்தி காலியாத்தான இருக்கு,” என்றார் அம்மை. “விதை இன்னும் என் கையில இருக்கு. உரம் யாருக்கு ஊத்துனீங்க?”

அவர் காலி வாளியைக் கீழே வைத்தார்.

“முன்னாடி போட்ட விதைக்கும் இப்படித்தான் ஊத்துனீங்களா?”

“ஆமாம்மா. தெனமும்.”

“முளைக்காத விதை என்னத்தைச் சாப்பிடும்?”

தோட்டவேலையில் கனகவல்லி அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. செடி இரண்டு இலை விட்ட பிறகுதான் அவள் உரத்தைத் தொடுவாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“காலையில மூடியைத் திறந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“திறந்தா?”

“அவ வேப்பமரத்தடியில குனிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கும்.”

அம்மை கையிலிருந்த ஈரத்துணியை மடித்து மூடினார். பூனைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஆரஞ்சுத் தோலைத் தாண்டி, ஈர்க்குகளின் நடுவே காலை வளைத்து வைத்து, ஈரமண்ணை மோந்தன.

“இதை ஊத்தாம விட்டா வராதா?”

“நாலு நாள்ல நின்னுடும்.”

“பாட்டிலைக் கொட்டிரட்டுமா?”

“அது உங்க வீட்டுப் பாட்டில்.”

அவர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாதி கறுப்பு முகம் பாத்தியில் குழி பறிக்கத் தொடங்கியிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்ட ஆத்திரத்தில் அவர் ஒரு தோலை எடுத்து அதன்மேல் எறிந்தார். அது இரண்டடி தள்ளிப்போய் உட்கார்ந்து மறுபடி அவரையே பார்த்தது.

“இதுங்களுக்கு இன்னும் இங்க என்னம்மா வேணும்? அவதான் இல்லையே.”

“ஆறு பேர் துக்கம் கேட்க வந்திருக்காங்க, ஐயா,” என்றார் அம்மை. “நீங்க தோலை எடுத்து எறியுறீங்க.”

வேதகிரி எறிந்த தோலைக் குனிந்து எடுத்தார்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையின் கோடிக்குப் போனார். மதில் ஓரம் வெயில் விழும் இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினார். பாட்டிலைக் கவிழ்த்து முழுவதையும் அங்கே ஊற்றினார். அடியில் ஒட்டியிருந்தது சொட்டி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பூனைகள் பாத்தியை விட்டு எழுந்து அவர் பின்னாலேயே போயின.

அம்மை துணியைப் பிரித்து, நான்கு விதைகளையும் பாத்தியில் ஊன்றி, குழாயில் பிடித்த வெறும் தண்ணீரை ஊற்றினார்.

கோடியில் வேதகிரி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பூனைகள் அவரைச் சுற்றிலும் இருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மொதல்ல சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனைச்சோம்,” என்று சொல்லத் தொடங்கினார்.