வாசல் நோட்டு

முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கேட்டு, மில் முதலாளி தெய்வநாயகத்தின் பங்களாவுக்கு மாதம் தவறாமல் நடந்தாள் செல்லக்கனி. பதினோரு மாதம் நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பன்னிரண்டாவது தடவை முதலாளிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"என்கிட்ட இல்லாத ஒண்ணே ஒண்ணைக் காட்டும்மா, கேட்டதைத் தர்றேன். இல்லாட்டி இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது!"

அத்தனை பெரிய வீட்டில் இல்லாததை எங்கே போய்த் தேடுவது? செல்லக்கனி நேரே வாசலுக்குப் போய், காவலாளியின் நோட்டை வாங்கி வந்தாள். பெற்ற பிள்ளையே வந்தாலும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அது முதலாளியே போட்ட சட்டம்.

"இந்த ஒரு வருஷத்தைப் புரட்டிப் பாருங்க ஐயா."

புரட்டினார். மொத்தம் பன்னிரண்டு கையெழுத்து. பன்னிரண்டும் செல்லக்கனியுடையது.

நோட்டை மூடிவிட்டு அவர் மெல்லக் கேட்டார்: "எவ்வளவும்மா வேணும்?"

"அதை நீங்களே அங்க வந்து கொடுங்க ஐயா. எங்க வாசல்லயும் ஒரு நோட்டு இருக்கு. யாராவது வந்தாங்களான்னு முப்பது பேர் தினமும் அதைப் புரட்டிப் பார்க்கிறாங்க."