மார்ச்சில் கூட்டிய கூட்டம்

"இந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார்? பெயரைச் சொல். இல்லாவிட்டால் சிறைக்குப் போகிறவள் நீதான்," என்றான் ஆங்கிலேயக் கேப்டன் தார்ன், ஊர் மண்டப வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம்.

ஆளுநரின் அனுமதியில்லாமல், அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட மாசசூசெட்ஸில் எந்த ஊரும் கூட்டம் கூட்டக் கூடாதென்று லண்டனிலிருந்து புதுச் சட்டம் வந்திருந்தது. உள்ளே விவசாயிகள், இனி தங்களைத் தாங்களே ஆள்வது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மண்டபம் பெருக்கும் டார்கஸ் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"புதிதாக யாரும் கூட்டவில்லை, ஐயா. இது சட்டம் வருவதற்கு முன்னால், மார்ச்சில் கூட்டியது. இன்னும் முடியவில்லை."

"ஐந்து மாதமாகவா?"

"நடுவில் சாப்பிடப் போனார்கள். அப்புறம் அறுப்பு வந்துவிட்டது. முடிக்கச் சொல்லிச் சட்டத்தில் இருக்கிறதா?"

கேப்டன் கையிலிருந்த சட்டத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்போதுதான் முடியும்?"

"தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினால் முடிந்தது."

"அதையும் பார்த்துவிடுகிறேன்," என்று அவன் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

டார்கஸ் பின்னாலேயே போய்த் தலைவரின் மேசையைத் துடைத்தாள். சுத்தியலை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி பெருக்கப் போனாள்.