சாரை மறைந்துபோய்ச் சட்டை உரிப்பது ஏன்

அந்தக் காலத்தில், பாம்பும் மனிதரும் ஒரே துறையில் குளித்து ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்துக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரையில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். உடம்பு தேய்த்துவிடுவது அவள் தொழில். மனிதருக்கு மட்டும் என்றில்லை. எருமை வரும். காட்டுப்பன்றி வரும். வெயிலில் காய்ந்து செதில் செதிலாய்ப் பெயர்ந்த உடும்பு வரும். வந்தவர்கள் திரும்பும்போது தோளிலிருந்து சுமையை இறக்கிவைத்தவர்கள் மாதிரி லேசாக நடந்து போவார்கள்.

யாரையும் அவள் வந்தவுடன் தேய்க்கமாட்டாள். முதலில் எண்ணெய் வைத்து இளவெயிலில் உட்காரவைப்பாள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடுவாள். விரல்நுனி சுருங்கிய பிறகுதான் கிட்டே போவாள். முகத்துக்கும் கழுத்துக்கும் பயத்தம் மாவு. முதுகுக்கும் கைகாலுக்கும் அரப்புப் பொடியைப் போட்டுக் காய்ந்த பீர்க்கங்கூடு. கல் என்றால் அது குதிகாலுக்கு மட்டும். புண் இருந்தாலோ, வெயிலில் தோல் கன்றியிருந்தாலோ, "ஆறட்டும், அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவாள். ஒருமுறை தேய்த்துக்கொண்டு போன நரி தன் பளபளப்பில் தானே மயங்கி மறுநாளும் வந்து நின்றது.

"எட்டு நாள் கழித்து வா," என்றாள் உலகாயி. "நான் அழுக்கை எடுக்கிறவள். ஆளை எடுக்கிறவள் இல்லை."

துறைக்குப் பின்னால் இருந்த புற்றில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. உலகாயியைவிட வயதில் மூத்தது. உலகாயியின் புருஷனை ஒரு ஐப்பசி வெள்ளம் கொண்டுபோனபோது அவளுக்குக் கைக்குழந்தை. உடன்பிறந்தவர் யாரும் இல்லை. அவள் துறையில் வேலை செய்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் தொட்டிலைச் சுற்றிப் படுத்துக்கொண்டு எலி அண்டாமல் பார்த்துக்கொண்டது அந்தச் சாரைதான். உலகாயி அதை அக்கா என்றாள். குழந்தை மயிலாத்தாளுக்குப் பேச்சு வந்ததும் பெரியம்மா என்றாள்.

அந்த அக்கா மட்டும் ஒருநாளும் உலகாயியின் கைக்கு வந்ததில்லை. "எனக்கு உரிக்க ஆள் வேண்டாம், நேரம்தான் வேண்டும்," என்று சொல்லும். உடம்பு மங்கும். கண்ணில் அரிசிக் கழுநீர் மாதிரி வெள்ளை படரும். நாலைந்து நாளில் அது தானாகத் தெளியும். தெளிந்த பிறகுதான் உதட்டோரம் தோல் விட்டுக்கொடுக்கும். அப்போது ஒரு வேரில் உரசிக்கொண்டு முன்னால் நகர்ந்தால் போதும், சட்டை முழுசாகப் பின்னால் கழன்றுகொள்ளும். உலகாயி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கழன்ற சட்டையைப் புடவை மாதிரி மடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

மயிலாத்தாள் வளர்ந்தாள். அக்கரையில் சம்பந்தம் கூடியது. நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீர்த்தட்டு எடுக்க உங்க பக்கம் யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். கேட்ட விதம் உலகாயிக்குச் சுருக்கென்றது.

"எங்க அக்கா இருக்கா. வந்து பாருங்க. இந்தக் கரையிலேயே அப்படி ஒரு மினுக்கு யாருக்கும் கிடையாது," என்றாள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் புற்றுக்குப் போனாள். சாரை வாசலிலேயே சுருண்டு கிடந்தது. உடம்பு சாம்பல் பூசினாற்போல் இருந்தது. இரண்டு கண்ணும் வெளுத்திருந்தன.

"அக்கா, நாளைக்குக் கல்யாணம்."

"தெரியும் உலகு. நேத்தே கண் மங்கிடுச்சு. நீ நிற்கிறதுகூட நிழலாட்டம்தான் தெரியுது. உரிய இன்னும் நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா?"

"அதனால என்ன? இப்படியே வர்றேன். மயிலா பேசிக்கிட்டே முன்னால நடந்தா அவ குரலைக் கேட்டு மெதுவா வந்துடுவேன். என்னைப் பார்த்து அவளா முகம் சுளிக்கப் போறா?"

மயிலா சுளிக்கமாட்டாள்தான். ஆனால் உலகாயியின் கண்முன் நின்றது அக்கரைக்காரியின் முகம். இந்தச் சாம்பல் உடம்பையும் தடவித் தடவி வரும் நடையையும் பார்த்து அந்த உதடு எப்படி வளையும் என்று நினைத்துப் பார்த்தாள். 'இதுதானா உங்க மினுக்கு?' என்று அது கேட்பதுபோலவே இருந்தது.

"நான் உரிச்சு விடட்டுமா அக்கா?"

"வேண்டாம். இது அழுக்கு இல்லை உலகு. உள்ளே இருக்கிற புதுசு இன்னும் கூடி வரலை."

"எத்தனை உடம்பு பார்த்த கை இது! ஊறவெச்சு, எண்ணெய் தடவி, பூ மாதிரி எடுத்துடறேன். வலிச்சாச் சொல்லு, அப்பவே விட்டுடறேன்."

சாரை தலையை மண்ணில் வைத்தது. பார்வை இல்லாத அந்த நேரத்தில் அதற்கு உலகாயியின் குரல் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் குரலில் இருந்த ஏக்கமும் தெரிந்தது.

"உன் கைங்கறதால சரி," என்றது.

அக்காவைத் துறைக்குக் கூட்டிவந்த உலகாயி அன்று எதிலும் குறை வைக்கவில்லை. தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஊறவிட்டாள். நல்லெண்ணெயைத் தலையிலிருந்து வால்வரை மூன்று முறை வழித்துவிட்டாள். பிறகு உதட்டோரத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். நக அகலத்துக்குத் தோல் கிளம்பியது. அதற்கு மேல் வரவில்லை.

வரவில்லை என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ உடம்பைத் தொட்ட விரல் அது. தோல் கொடுக்கிறதா, மறுக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லும். வேறு யாராக இருந்தாலும் கையை எடுத்துவிட்டு, போய் நாலு நாள் கழித்து வா என்றிருப்பாள். தொடக்கம்தான் கஷ்டம், ஒரு இழுப்பு இழுத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு விரலால் பற்றி இழுத்தாள்.

கழுத்துவரை வந்தது. கண்மேல் இருந்த வெள்ளைச் சவ்வும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்தது. அடியில் புதுத்தோல் இல்லை. சிவந்த, ஈரமான பச்சை உடம்புதான் இருந்தது.

"ஸ்ஸ்ஸ்…"

காந்தல் தாளாமல் மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். சாரை கத்தவில்லை, திட்டவில்லை.

"அக்கா! வலிக்குதா அக்கா?"

சாரை தலையைத் திருப்பியது. வழி தெரியாமல் படிக்கல்லில் முட்டிக்கொண்டது. மறுபக்கம் திரும்பி, பாதி உரிந்த சட்டை கழுத்தில் தொங்க, தரையைத் தடவிக்கொண்டே புற்றுக்குள் போய்விட்டது. உலகாயி எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. "உங்க அக்கா வரலியா?" என்று மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒருமுறை கேட்டாள். உலகாயி வாயைத் திறப்பதற்குள், வெற்றிலை போதவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள். சம்பந்தி அந்தப் பக்கம் போய்விட்டாள். திரும்ப அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சீர்த்தட்டைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வைத்தாள். அதை யாரும் குறையாகச் சொல்லவும் இல்லை.

மயிலாத்தாள்தான் விடவில்லை. பரிசலில் ஏறும்போதும், "பெரியம்மா ஏன் வரலை? என்மேல கோபமா?" என்று கேட்டாள்.

"உடம்பு சரியில்லை கண்ணு," என்றாள் உலகாயி. ஏன் சரியில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பரிசல் அக்கரை சேர்ந்ததும், கல்யாண வீட்டில் மிஞ்சிய பாலைச் செம்பில் எடுத்துக்கொண்டு புற்றுக்கு ஓடினாள். எண்ணெய் எரியும், அரப்பு எரியும், மஞ்சள் எரியும். பச்சை உடம்பில் படக்கூடியது ஆறிய பால் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. புற்றின் வாயில் மெல்ல ஊற்றினாள்.

"குடிக்க வேண்டாம் அக்கா. உடம்பில படட்டும். காந்தல் அடங்கும். நீ அப்படியே வர்றேன்னுதான் சொன்னே. எனக்குத்தான் போதலை."

உள்ளிருந்து, "ஸ்ஸ்ஸ்…" என்று மட்டும் வந்தது.

நாள் தவறாமல் ஊற்றினாள். அழுதாள், கெஞ்சினாள், மயிலாவுக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னாள். எதற்கும் வேறு பதில் இல்லை. கோபத்தில் பேசவில்லையா, வலியில் பேச்சே போய்விட்டதா என்பது அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த காலையில் சாரை வெளியே வந்தது. தோல் ஆறியிருந்தது. ஒரு கண் தெளிந்திருந்தது, மற்றொன்று வெளுத்தே இருந்தது. பதறி எழுந்த உலகாயி ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினாள். அந்தக் கையின் நிழல் பட்டதும் சாரை தலையைத் தூக்கி, "ஸ்ஸ்ஸ்" என்று சீறிவிட்டு, முள்வேலிக்குள் நுழைந்து போயே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

உலகாயி சாகும்வரை தொழிலை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் நடுவில் கையை நிறுத்தி, "எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொன்னாலும் இன்னொருமுறை கேட்டாள்.

அன்று முதல்தான் பாம்புகள் சட்டை உரிக்கும் நாளில் ஆள் அரவம் இல்லாத மறைவிடம் தேடிப் போகின்றன. வேலியில் சிக்கிக் கிடக்கும் வெறும் சட்டைதான் நம் கண்ணில் படுகிறது. மனிதர் கை கிட்டே வந்தால் அவற்றின் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்றுவதும் அப்போது தொடங்கியதுதான். பாம்பு குடிக்கட்டும் என்று நாம் ஊற்றுகிறோம். முதன்முதலில் ஊற்றியவள் குடிப்பதற்காக ஊற்றவில்லை.