மூன்றாவது பாட்டில்

தூத்துக்குடியில் டீசல் காருக்குச் சீக்கு வந்தால் ஜெசிந்தாவின் பட்டறைக்குத்தான் வருவார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த லூர்துராயனுக்கோ ஐம்பத்தெட்டு. "குருவே" என்று கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

மனைவி ரூபி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்து சேர்ந்தவர். ஸ்டார்ட் ஆகாத அவருடைய காரையும் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார். அதன் இடது சீட்டை ரூபி கடைசியாகச் சாய்த்துப் போட்டபடியே வைத்திருந்தார். யாரும் நிமிர்த்தக் கூடாது. மதியச் சாப்பாடுகூட அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில்தான். "மெதுவாப் போங்க" என்று ரூபி இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றிருக்கும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பேத்திக்கு ஞானஸ்நானம். பிள்ளை முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. மகள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"வண்டி ஓடலையேம்மா."

"ஊர்ல பஸ்ஸுமா ஓடலப்பா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மீண்டும் பானெட்டைத் திறந்தார். "பம்ப்தான் குருவே. பிரஷரே ஏறல."

"போன மாசமும் பம்ப்னுதான் சொன்னிய. மாத்துனோம். ஏறுச்சா?"

"இல்ல."

"பம்ப் பாவம், தள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. தள்ளுனது எங்க போகுதுன்னு பாத்தியளா?"

நான்கு காலித் தண்ணீர் பாட்டில்களை எடுத்தாள். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் மிச்ச டீசல் டாங்க்குக்குத் திரும்பும் சின்னக் குழாய்களைக் கழற்றி, குழாய்க்கொரு பாட்டிலில் விட்டாள்.

"சாவியத் திருப்புங்க."

என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. இறங்கி வந்து பார்த்தார். மூன்று பாட்டில்களில் அடிமட்டத்தில் கொஞ்சம் டீசல். வரிசையில் மூன்றாவதாக இருந்த பாட்டிலில் மட்டும் பாதிக்கு மேல்.

"வந்ததை எல்லாம் இது திருப்பியே அனுப்பிருது. அப்புறம் பிரஷர் எங்கேருந்து நிக்கும்?"

லூர்துராயன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப திரும்புற வழிய அடைச்சிரலாமா குருவே? ஒரு சொட்டுகூடப் போகாம?"

"அடைக்கக் கூடாதுண்ணே. நல்லா இருக்கிற மூணுலயும் கொஞ்சம் திரும்பிப் போகுதுல்லா? அது போறதாலதான் சூடாகாம, தேயாம கிடக்கு. ஒண்ணுமே திரும்பலன்னா அதுவும் கெட்டதுதான்."

"அப்ப எவ்வளவு திரும்பலாம்?"

"வண்டி ஸ்டார்ட் ஆகத் தேவையானது போக மிச்சம்."

அன்று மதியம் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சனிக்கிழமை அந்த இன்ஜெக்டரை மாற்றினார்கள். இரண்டு சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. லூர்துராயன் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். "சாயங்காலத்துக்குள்ள வந்துருவேம்மா," என்றார். மறுமுனையில் மகள் அழுதது ஜெசிந்தாவுக்கும் கேட்டது.

கிளம்பும்போது இடது சீட்டின் நெம்புகோலில் கை வைத்தார்.

"இத நிமிர்த்திரட்டுமா குருவே?"

ஜெசிந்தா ஓடிக்கொண்டிருந்த என்ஜினைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பானெட்டை மூடினாள்.

"வண்டிதான் ஸ்டார்ட் ஆயிட்டுல்லாண்ணே. அது சாஞ்சே வரட்டும்."